நாற்பத்தெட்டு நிமிடத்தில் தூத்துக்குடி

தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஆறு பேர். பயணம் போகிறவர்கள் பார்க்கும் ஓர் இணையதளத்துக்குப் பக்கங்கள் எழுதித் தருவது எங்கள் வேலை. ஒருவர் ஓட்டல்களைப் பற்றி எழுதினார், இன்னொருவர் கோயில்களைப் பற்றி. எனக்கு வாய்த்தது விமான நிலையங்கள். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். திருச்சி சேலம், சேலம் மதுரை, மதுரை கோயம்புத்தூர் என்று காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே அன்றைய ஜோடிகள் கல்யாண மண்டபத்துப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

தூரத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் வருகிற தூரம் அது. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரம் கூட்டினால் பறக்கும் நேரம் வந்துவிடும். அதைச் சுற்றி நாலு பத்தி எழுதுவதுதான் என் வேலை. அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே நிஜமாகவே விமானம் போகிறதா என்பது கணக்கில் சேராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதை மேனேஜரிடம் கேட்டேன்.

“பறந்தா எவ்வளவு நேரம் ஆகும்னுதானே எழுதறோம். பறக்குதுன்னா எழுதறோம்?” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. நானும் எழுத ஆரம்பித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேகங்களைக் கண்டு மகிழலாம், குறுகிய நேரப் பயணம் என்பதால் களைப்பே தெரியாது என்றெல்லாம் சரளமாக வந்தது. அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. இரண்டு வருடத்தில் எத்தனையோ ஊர்களுக்கு மற்றவர்களைப் பறக்கவிட்டுவிட்டு, சாயங்காலம் ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேருவேன்.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. நான், என் கணவர், மாமனார், மாமியார். கணவருக்கு லால்குடியில் வேலை, தினமும் ரயிலில் போய் வருவார். மாமனார் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அந்தப் பிரிவிலிருந்து ஒரு குழாய்கூட வெளியே போனதில்லை என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றபின் அளப்பதற்குக் குழாய் கிடைக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் அளந்தார். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். தச்சர் அலமாரி செய்து கொண்டுவந்தபோது மூலைவிட்டம் இரண்டும் சமமாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். தச்சர் போகிற போக்கில் என்னிடம், “இதுவரைக்கும் யாரும் குறுக்கால அளந்ததில்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதுகிற பக்கங்களை அவர் விடாமல் படித்தார். சாப்பிட்டதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை நீட்டிப் பிடித்து, தினமும் இரண்டு ஜோடிகளாவது பார்த்துவிடுவார். அடுக்குமாடியில் எல்லோரிடமும் மருமகள் ஃப்ளைட் டிபார்ட்மென்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை லிஃப்டில் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து வருகிற தன் பையனின் விமானம் நேரத்துக்கு வருமா என்று விசாரித்தார். வந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். நல்லவேளை, வந்துவிட்டது.

என் நாத்தனாரைத் தூத்துக்குடியில் கொடுத்திருந்தோம். அவள் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நேரத்தைச் சொல்லிவிடுவார். “நாலு மணி நேரம் இருபது நிமிஷம் சம்பந்தி. எட்டயபுரத்துல டீ குடிச்சது தனி” என்பார். அடுத்த தடவை நாலு மணி பத்து நிமிடம் என்பார். என் மாமனார் பஸ்ஸில் போகிறவர். ஒருமுறை மதுரைக்குப் பக்கத்தில் டயர் வெடித்து எட்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு சம்பந்தி வண்டியிலிருந்து இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாமனார் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் மறைந்துவிடுவார்.

நாத்தனார் புதுவீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி போனில் அழைத்தார். மாமனார் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். விசேஷ விவரமெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சம்பந்தி, முந்தின நாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும்படி அக்கறையாகச் சொன்னார்.

“பஸ்ஸுல வர்றதுன்னா நேரமாகும்லா” என்றார்.

ஹாலிலிருந்து மாமனார் குரல் கேட்டது.

“இந்தத் தடவை நாங்க ஃப்ளைட்ல வரோம். நாப்பத்தெட்டு நிமிஷம்.”

என் கையில் கத்தி நின்றுவிட்டது. திருச்சி தூத்துக்குடி நான் எழுதிய பக்கம். இருநூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நிமிடம். மூன்று வாரம் முன்பு எழுதியது. போனின் மறுமுனையில் சம்பந்தியும் திகைத்துப் போயிருக்க வேண்டும். அப்படியொரு விமானம் விட்டிருக்கிறார்களா, தனக்குத் தெரியாதே என்று இழுத்தார். மாமனார் அலட்டிக்கொள்ளாமல், தன் மருமகளே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, இன்னும் இரண்டு வார்த்தை பேசிப் போனை வைத்தார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“மாமா, அது தூரத்தை வேகத்தால வகுத்து வர்ற கணக்குங்க.”

“ஆமா. கூட அரை மணி நேரம் சேர்க்கணும். நீதான் சொல்லியிருக்கியே.”

“அந்த ரூட்ல ஃப்ளைட் கிடையாதுங்க மாமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு போனில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை முழுக்கப் படித்தார். “ஃப்ளைட் இருக்குன்னு நீ எங்கயும் எழுதல” என்றார். “நான்தான் சரியா பார்க்கல.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. தான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. விமானத்தில் தூத்துக்குடி போவதென்றால் சென்னைக்குப் போய், அங்கே வேறு விமானம் மாறித்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். தெற்கே போவதற்கு எதற்காக வடக்கே போவது என்று கேட்டார். சம்பந்தியிடம் பேசி விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்றேன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஃப்ளைட்டில் வருவதாகச் சொல்லியாகிவிட்டது, ஃப்ளைட்டில்தான் போக வேண்டும், அது எந்த வழியாகப் போனால் என்ன என்றார்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. பெண் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் கட்ட இரண்டு குலைவாழை, சீர்ப் பாத்திரம், ஒரு முழு வாழைத்தார். தாருக்கு முசிறிப் பக்கத்தில் ஏற்கெனவே சொல்லி வைத்தாகிவிட்டது.

“வாழைமரத்த ஏரோப்ளேன்ல ஏத்துவாங்களா?” என்று என்னைக் கேட்டார். மாட்டார்கள் என்றேன். “அப்ப நான் பஸ்ஸு” என்று எழுந்து போய்விட்டார்.

வாழைமரத்தோடு அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது என்று கணவரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாமனாருடன் போவதற்கு மிஞ்சியது நான்தான். எழுதியவள் நான் என்பதால் அதுதான் நியாயம் என்றும் கணவர் சொன்னார்.

கிளம்பிய நாள் காலை ஆறு மணிக்கு மாமியாரும் கணவரும் வாழைமரங்களை ஒரு ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். நாங்களும் அதே நேரத்துக்கு இன்னொரு ஆட்டோவில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. தொழிற்சாலைக்கு வெளியூரிலிருந்து அதிகாரிகள் வரும் நாட்களில் மட்டும் அப்படிப் போவாராம்.

விமான நிலையத்தின் புது டெர்மினலுக்குள் நுழைந்ததும் அவர் நடை மெதுவானது. தரையில் ஓடு பதித்திருக்கும் கோட்டைக் குனிந்து பார்த்தார். தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடியால் அளந்தார். பரவாயில்லை என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, அவருக்கு இல்லை. சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மெஷினுக்குள் போய் வந்த அவர் பையை ஓர் இளைஞர் திறந்து, மேலாகப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாமனார் எடுக்கவில்லை.

“சைடு ஜிப்ப நீங்க பார்க்கலியே” என்றார்.

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன். மெஷினிலேயே எல்லாம் தெரிந்துவிடும், பரவாயில்லை என்று அந்த இளைஞர் தன்மையாகத்தான் சொன்னார். மெஷின் பார்த்தாலும் ஆள் ஒரு தடவை பார்க்க வேண்டும், பாதி பார்த்துவிட்டு விடுவது பார்க்காமல் விடுவதற்குச் சமம் என்று மாமனார் எடுத்துச் சொன்னார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அந்த இளைஞர் வேறு வழியில்லாமல் சைடு ஜிப்பைத் திறந்தார். உள்ளே மாமனார் மீசை வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அதற்குப் பிறகு பை முழுவதையும் கொட்டிப் பார்த்தார்கள். வேட்டி, துண்டு, விபூதி டப்பா, தயிர்சாதப் பொட்டலம், எல்லாம் தனித்தனித் தட்டில் மறுபடியும் மெஷினுக்குள் போய் வந்தன. கத்தரிக்கோலின் முனை நீளத்தை அளக்க ஓர் அதிகாரி வந்தார். அளக்கும்போது மாமனார் அவர் தோளுக்கு மேலாக எட்டி, அவர் சரியாக அளக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது நிமிடம் போனது. வெளியே வந்ததும் நான் ஏன் மாமா என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும் என்றார்.

விமானத்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். “நீதானே எழுதணும்” என்றார்.

ஓடுபாதையில் அது வேகமெடுத்தபோது நான் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வயிறு கீழேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. காது அடைத்தது. களைப்பே தெரியாத பயணம் என்று நூறு தடவையாவது எழுதியிருப்பேன். காது அடைக்கும் என்று ஒரு பக்கத்தில்கூட எழுதியதில்லையே என்று அந்த நேரத்திலும் தோன்றியது. மாமனார் ஒரு புளிப்பு மிட்டாயைப் பிரித்து என் கையில் வைத்தார். கண்ணைத் திறந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் தரையைவிட்ட நேரத்தைப் போர்டிங் பாஸின் பின்பக்கம் எழுதியிருந்தார்.

ஒன்பதரைக்குச் சென்னையில் இறங்கினோம். அடுத்த விமானம் பன்னிரண்டே காலுக்கு. அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன். கணவர் பஸ்ஸிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். மதுரை தாண்டிவிட்டதாக ஒன்று. அருப்புக்கோட்டையில் அம்மா இளநீர் குடிப்பதாக இன்னொன்று, போட்டோவுடன். பஸ்ஸின் பின்புறம் வாழை இலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதில் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் மாமனார், என்னவாம் என்று கேட்பார். நானும் சொல்லுவேன். சொல்லாமல் இருந்தால் கணக்கில் தப்பு வந்துவிடும் என்பது மாதிரி அவர் காத்திருந்தார்.

தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் ஒரு சந்தேகம் கேட்டார்.

“வீட்ல இருக்கறப்ப தூத்துக்குடி இருநூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர். இப்ப இங்கேர்ந்து எவ்வளவும்மா?”

சென்னை தூத்துக்குடியும் நான் எழுதியதுதான். ஐநூற்று இருபது சொச்சம் என்றேன்.

“கிளம்பி நாலு மணி நேரம் ஆச்சு. ரெண்டு மடங்கு தள்ளிப் போயிருக்கோம்” என்றார். கோபமில்லை. ஒரு குழாய் ஏன் வளைந்திருக்கிறது என்று பார்ப்பவரைப் போலச் சொன்னார். பிறகு எழுந்து, அந்தக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு வந்து, எத்தனை அடி என்று சொன்னார்.

நாங்கள் இரண்டாவது விமானத்தில் ஏறுகிற நேரத்தில் கணவரிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாழைமரம் வாசலில் நட்டாகிவிட்டது. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அந்தச் செய்தி எதைப் பற்றி என்று மாமனார் கேட்கவில்லை. என் முகத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

இந்தத் தடவை ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். மேலே போனதும் அவர் கொஞ்சம் சோர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நானும் தூங்கியிருப்பேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“இங்க பாரு.”

குனிந்து எட்டிப் பார்த்தேன். வலதுபக்கம் தூரத்தில் இரண்டு ஆறுகள் மேற்கிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் மணல் அதிகம், ஒன்றில் தண்ணீர் அதிகம். இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு பச்சை. அதன் மேல் லேசான புகை மாதிரி வெயில். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் நம்பச் சற்று நேரம் பிடித்தது.

“காவேரி. கொள்ளிடம்” என்று விரலால் காட்டினார். “நடுவுல நாம.”

விடியற்காலையில் எந்த இடத்திலிருந்து கிளம்பினோமோ அதே இடம். மணி ஒன்று. ஏழு மணி நேரம் பயணம் செய்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தோம். அந்தப் பச்சைக்குள் எங்கேயோ எங்கள் அடுக்குமாடி இருந்தது, எங்கள் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என்ன நினைப்பாரோ என்று அடக்கிக்கொண்டேன். அவர் ஜன்னலில் நெற்றி படும்படி சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“மோட்டார் சுவிட்ச அமத்தினோமா?”

அமர்த்திவிட்டோம் என்றேன். அதற்குமேல் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் மாமனாரும் நானும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்து வேட்டித் தலைப்பைத் தேடியவர், பேன்ட் போட்டிருப்பது நினைவு வந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். சட்டென்று கடிகாரத்தைப் பார்த்துப் போர்டிங் பாஸில் நேரத்தை எழுதினார். எதற்கு என்று கேட்டேன். பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கும் அதே கை. கீழே செம்மண்ணும் பனைமரங்களும் கிட்டே வந்தன. சக்கரம் தரையில் தட்டியது.

“நாப்பத்தொரு நிமிஷம்” என்றார். “திருச்சிக்கு நேரா வந்ததுலேர்ந்து இங்க இறங்கறவரைக்கும். உன் கணக்கு நாப்பத்தெட்டு. தரையிலேர்ந்து மேல ஏறுற நேரம் இதுல இல்ல, அது ஒரு ஏழு எட்டு நிமிஷம். காலைல பார்த்து வச்சிருக்கேன்.” காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். “கூட்டிப் பாரு. சரியா வருது.”

அந்தக் காகிதத்தின் அடியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, இனிஷியல் போட்டு, தேதி போட்டு என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு வருடம் எழுதிக் குவித்ததில் ஒன்றையாவது யாராவது இறங்கி நின்று அளந்து பார்ப்பார்கள் என்று நினைத்ததில்லை. அதை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது இரண்டரை மணி ஆகிவிட்டது. வாசலில் எங்கள் வாழைமரம் இரண்டு பக்கமும் நின்றது. மாமியார் குளித்து வேறு புடவை கட்டி, கூடத்தில் உட்கார்ந்து மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டார். சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வாயால் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மாமனார் இந்தத் தடவை தண்ணீர் கொண்டுவர உள்ளே போகவில்லை. நான் பயந்துகொண்டிருந்தேன். நாற்பத்தொன்றை மட்டும் சொல்லிவிடுவாரோ என்று ஒரு பக்கம், சொன்னால்தான் என்ன என்று ஒரு பக்கம்.

“வீட்லேர்ந்து எட்டரை மணி நேரம் சம்பந்தி” என்றார் மாமனார். “திருச்சிக்கு மேல வந்ததுலேர்ந்து நாப்பத்தொரு நிமிஷம். ரெண்டும் உண்மை.”

சம்பந்தி இதை நிதானமாக மனசில் போட்டுப் பார்த்தார்.

“அப்ப திருச்சியில ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லி ஏறியிருக்கலாம்லா” என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சிரிப்பாரா என்று பார்த்தேன். ஒரு விநாடி தாமதமாக, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி என்னைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேலே போகும்போது மூச்சு முட்டுமா என்று கேட்டார். காது வலிக்குமா, ஜன்னலைத் திறக்க முடியுமா, பக்கத்தில் இருப்பவர் பயந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவரும் விமானத்தில் ஏறியதில்லை. அவருடைய பெரிய மகன் வெளிநாட்டில் இருந்து இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறானாம். காரில் போக வழியில்லாத ஊர் என்பதால் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள் அனுபவம் என்றேன். மாமாவைக் கேளுங்கள், அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார் என்று அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் வரை இரண்டு பேரும் புதுவீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் காபி கொண்டுபோனபோது மாமனார் பாதுகாப்புச் சோதனையில் பையை எப்படி அடுக்க வேண்டும் என்று செய்தே காட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி ஒரு பேச்சுக்கும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மகனைப் பார்க்கப் போய்வந்தார்.

திரும்பும்போது நாலு பேரும் பஸ்ஸில்தான் வந்தோம். என் பக்கத்தில் மாமியார். மேலூர் தாண்டும்வரை பேசாமல் வந்தவர், மெதுவாக, பயமா இருந்ததா என்று கேட்டார். முதல் தடவை ஏறும்போது இருந்தது, அப்புறம் இல்லை என்றேன். ஆறு தெரிந்ததாமே என்றார். தெரிந்தது என்றேன். கோயில் கோபுரம் தெரிந்ததா என்றார். அது தெரியவில்லை, தூரம் என்றேன்.

“ஒருநாள் போகலாம்தான். நேரா போற ஊரா பார்த்துச் சொல்லு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் மேனேஜரிடம் போய், திருச்சி தூத்துக்குடி பக்கத்தில் நேரடி விமானம் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். அப்படி எழுதினால் படிக்கிறவர்கள் உடனே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். அந்த அடுத்த பக்கத்திலும் இதே வரியைச் சேர்க்க வேண்டும் என்றேன். நான் அவரிடம் அதுவரை இப்படிப் பேசியதில்லை. எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். கடைசிப் பத்தியில், சின்னதாக, ஒரு வரி மட்டும் என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். தற்போது இவ்விரு நிலையங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. சென்னை வழியாகச் செல்லலாம், ஆனால் பேருந்தில் சென்றவர்கள் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து குளித்திருப்பார்கள்.

இரண்டாவது வாக்கியத்தை மேனேஜர் அடித்துவிட்டார். முதல் வாக்கியம் இன்னும் இருக்கிறது.